வெள்ளை மருந்தும் வெறும் வயிறும்

பழைய தோட்ட டிஸ்பென்சரிக்குப் போகிறவர் கையில் ஒரு வெறும் போத்தல் இருக்க வேண்டும். சாராயப் போத்தலோ சோடாப் போத்தலோ, நன்றாகக் கழுவி, வாயில் கடதாசியைச் சுருட்டி அடைத்துக் கொண்டுபோக வேண்டும். மருந்து தோட்டத்துடையது, போத்தல் நோயாளியுடையது. ஜன்னலுக்கு உள்ளே நிற்பவர் பெரிய ஜாடியைக் குலுக்கி அளந்து ஊற்றுவார். போத்தலின் பக்கத்தில் பல் பல்லாக வெட்டிய கடதாசிக் கீற்று ஒன்றை ஒட்டிக் கொடுப்பார். ஒரு பல், ஒரு வேளை. இருமலுக்கு ஒரு நிறம், காய்ச்சலுக்கு ஒரு நிறம். நெஞ்செரிவு, புளித்த ஏப்பம், விலாவுக்குக் கீழே தீ வைத்தாற்போல் வலி என்று வந்தால் வெள்ளை.

அந்த வெள்ளை மருந்து பெரும்பாலும் மக்னீசியம் டிரைசிலிகேட் கலவை. கொஞ்ச நேரம் வைத்தால் அடியில் சுண்ணாம்பு போலப் படிந்துவிடும். குலுக்கிக் குடிக்க வேண்டும். குடித்த சில நிமிடங்களில் எரிவு அடங்கும். இரண்டு மணி நேரத்தில் திரும்பி வரும். போத்தல் முடிந்தால் மறுபடி ஜன்னல். பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎல, பண்டாரவளை, ஹப்புத்தளை என்று இலங்கையின் ஊவா மலைகளில் பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களில் வயிற்றெரிச்சலின் வரலாறு ஏறக்குறைய அந்த ஜன்னலில் நடந்ததுதான். உள்ளிருந்து வந்த பொருள் தலைமுறைக்குத் தலைமுறை மாறியது. ஏன் எரிகிறது என்ற கேள்வி மட்டும் ஜன்னலைத் தாண்டி உள்ளே போக வெகுகாலம் எடுத்தது.

திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் வரத் தொடங்கியபோது இந்த நோய்க்கு அவர்களிடம் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது: குன்மம். சித்த மருத்துவம் அதை எட்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தது. எரிகுன்மம், வலிகுன்மம், சத்திகுன்மம், வாயுகுன்மம் என்ற பெயர்களைக் கேட்டாலே போதும். எரிவு, வலி, வாந்தி, வயிற்று உப்பல் என்று இன்றைய டொக்டர் ஒரு தாளில் குறித்துக்கொள்ளும் அறிகுறிகள் ஒவ்வொன்றும் அதில் இருக்கின்றன. குன்மத்துக்கு வைத்தியர்கள் கொடுத்தவற்றில் சங்கு பற்பமும் பலகறை பற்பமும் உண்டு. சங்கையும் சோழியையும் புடம் போட்டு எடுத்த பொடி, வேதியியலில் சொன்னால் கால்சியச் சேர்மம். புளிப்பை முறிக்கும் காரம். மேலைநாட்டு மருந்துக்கடைகளில் விற்கும் மென்று தின்னும் சுண்ணாம்புக் குளிசையும் வேலை செய்வது அதே வழியில்தான். பற்பம் கிடைக்காத லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், ஓமத்தண்ணீரும் பெருங்காயமும் சீரகமும் கைகொடுத்தன.

ஊவாவுக்கு வந்து சேர்வதே ஒரு பாடு. 1886இல் ஊவா தனி மாகாணமானபோது ரயில் நானுஓயாவோடு நின்றுகொண்டிருந்தது. 1893இல்தான் ஹப்புத்தளைக்கு வந்தது, அடுத்த ஆண்டு பண்டாரவளைக்கு. பதுளையைத் தொட 1924 ஆயிற்று. அதுவரை வயிற்றுப்புண் வெடித்த ஒருவரைக் கொழும்புக்குக் கொண்டுபோவதென்றால் பதுளையிலிருந்து மாட்டுவண்டியில் மலையேறி, பிறகு ரயிலைப் பிடிக்க வேண்டும். குடலில் துளை விழுந்தவருக்கு அவ்வளவு நேரம் கிடையாது.

தோட்ட மக்களின் உடம்பைப் பற்றி அரசு கவலைப்பட்டதற்குச் சட்டச் சான்று 1872இல் கிடைக்கிறது. அந்த ஆண்டின் 14ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் தோட்டப் பகுதிகளை மருத்துவ வட்டாரங்களாகப் பிரித்து வைத்திய அதிகாரிகளை நியமிக்க வழி செய்தது. 1912இல் அது புதுப்பிக்கப்பட்டது. லயங்களைச் சுத்தமாக வைத்திருப்பதும் நோயாளியைக் கவனிப்பதும் தோட்டத் துரையின் கடமையென்று எழுதி வைக்கப்பட்டது. இந்த ஏற்பாட்டில் உருவான மனிதர்தான் தோட்டத்து டிஸ்பென்சர். பின்னாளில் தோட்ட மருத்துவ உதவியாளர். பட்டம் பெற்ற வைத்தியர் அல்ல. ஆனால் லயத்துக்கு அவர்தான் ‘டொக்டர் ஐயா’. பிரசவம், பாம்புக்கடி, வெட்டுக்காயம், வயிற்றுவலி எல்லாம் அவர் வாசலில்தான். இன்று வேலைக்குப் போக வேண்டுமா வேண்டாமா என்பதும் அவர் வாயில்தான்.

அவருக்குக் கற்பிக்கப்பட்ட வயிற்றுவலியில் அமிலம் முதலிடத்தில் இல்லை. முதலிடம் கொக்கிப்புழுவுக்கு. 1916இல் ரொக்ஃபெல்லர் அறக்கட்டளையின் சுகாதாரப் பிரிவு இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. பரிசோதிக்கப்பட்ட தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் வயிற்றில் புழு இருந்தது. வெறுங்காலும் கக்கூசு இல்லாத லயமும் ஈர மண்ணும் புழுவுக்கு வசதியாகப் போயின. இந்தப் புழு பற்றிக்கொள்வது சிறுகுடலின் மேல்பகுதியில். அதனால் வலி வருவதும் ஏறக்குறைய குடற்புண் வலிக்கும் அதே இடத்தில்தான். கீனோபோடியம் எண்ணெயும் பேதியுப்பும் கொடுத்தார்கள். எண்ணெய் அளவு மீறினால் நஞ்சு. புழுவுக்கு மருந்து குடித்தும் வலி நிற்காதவர் என்ன ஆனார் என்பது பதிவேடுகளில் தனியாக எழுதப்படவில்லை. அவர் மறுபடி போத்தலோடு வந்திருப்பார்.

இதற்கிடையில் ஐரோப்பாவில் அமிலத்தின் மீது குற்றப்பத்திரிகை தயாராகிக்கொண்டிருந்தது. இரைப்பையில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று 1824இல் வில்லியம் பிரவுட் காட்டினார். அமிலம் இல்லையென்றால் புண்ணும் இல்லை என்று 1910இல் கார்ல் ஷ்வார்ஸ் அறுதியிட்டார். 1915இல் அமெரிக்க மருத்துவர் பெர்ட்ராம் சிப்பி ஒரு பத்திய முறையை வகுத்தார்: மணிக்கொரு தடவை பாலும் ஆடையும், இடையிடையே காரப் பொடி. அரை நூற்றாண்டு காலம் உலகம் அதைப் பின்பற்றியது. பால் அமிலத்தைச் சற்று நேரம் தணித்துவிட்டு, தன் புரதத்தாலும் கால்சியத்தாலும் கூடுதல் அமிலத்தைச் சுரக்க வைக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. பாலையும் காரத்தையும் அளவு மீறிச் சேர்த்தவர்கள் சிலருக்கு இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெட்டது. அதற்குப் பால்–கார நோய் என்றே பெயர் வைத்தார்கள். 1936இல் லண்டன் வைத்தியர் ஒருவர் மக்னீசியம் டிரைசிலிகேட்டை முன்வைத்தார். மெதுவாக வேலை செய்யும், உடம்பில் அதிகம் சேராது. மலிவும்கூட. பிரித்தானியப் பேரரசின் டிஸ்பென்சரி ஜாடிகளில் அது இடம்பிடித்தது. சிப்பியின் பாலும் ஆடையும் ஊவா லயத்துக்கு வரவில்லை. வெள்ளைத் தண்ணீர் வந்தது.

வயிற்றுப்புண்ணைத் தமிழ் மண்ணில் கண்ணால் பார்த்து எண்ணிக்கை எடுத்தவர் ஒரு மலையேறி. தியடோர் ஹோவர்ட் சோமர்வெல் 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் பயணங்களில் இருந்தவர். இரண்டாம் முறை 28,000 அடி வரை ஏறினார். முதல் முறை மலையிலிருந்து இறங்கியபோதே லண்டனில் காத்திருந்த அறுவை மருத்துவ வாழ்வை விட்டுவிட்டு, அன்று திருவிதாங்கூரில் இருந்த, இன்று குமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். நெய்யூரில் அவரை வியக்கவைத்தது முன்சிறுகுடல் புண்ணின் பெருக்கம். புண்ணால் குடலின் வாய் சுருங்கி, தின்றது எதுவும் இறங்காமல் எலும்பும் தோலுமாக வந்தவர்களுக்கு இரைப்பைக்கும் புண்ணுக்குக் கீழேயுள்ள சிறுகுடலுக்கும் புதுவழி வெட்டிக் கொடுத்தார். அவரும் சக மருத்துவர் ஓர் என்பவரும் 1930களில் எழுதிய கட்டுரைகள் ஆயிரக்கணக்கான நோயாளிகளை வைத்து எழுதப்பட்டவை. உணவுக்கும் புண்ணுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி அங்கிருந்து தொடர்ந்தது. மைசூரில் பணிசெய்த ஃபிராங்க் டோவி என்ற அறுவை மருத்துவர் பிற்காலத்தில் இந்தியப் படத்தையே வரைந்து காட்டினார்: தீட்டிய அரிசி தின்னும் பகுதிகளில் குடற்புண் அதிகம், தவிடு நீக்காத கோதுமையும் சிறுதானியமும் தின்னும் பகுதிகளில் குறைவு.

இந்தப் படத்தை வைத்துக்கொண்டு தோட்டத்து உணவைப் பார்க்கலாம். கேழ்வரகும் சாமையும் கம்பும் தின்ற வறண்ட சீமைக்காரர்கள் கடல் தாண்டி வந்து, தோட்டத்தில் படியளந்த இறக்குமதி அரிசியைத் தின்றார்கள். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது கோதுமை மா உள்ளே வந்தது. ரொட்டியும் கட்டச்சம்பலும் தோட்டத்தின் காலைச் சாப்பாடாகவே ஆகிவிட்டன. டோவி புகழ்ந்த தவிட்டுக் கோதுமையல்ல அது. சல்லடையில் வெளுத்த மா. உணவால்தான் புண் வந்தது என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் பெரட்டு என்ற ஆள்கணக்குக்கு விடியற்காலை ஓடி, ஒரு பிளேன்டியில் வயிற்றை ஏமாற்றி, கொழுந்து நிறுக்கும் வரை மலையில் நிற்கும் ஒரு வயிற்றுக்கு அமிலம் என்ன செய்யும் என்பதை ஊகிக்க வைத்தியப் படிப்பு தேவையில்லை.

இங்கே ஒரு சிக்கலும் உண்டு. முன்சிறுகுடல் புண்ணின் வலிக்கு மருத்துவப் புத்தகங்கள் சூட்டிய பெயரே பசிவலி. சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, வயிறு காலியானதும் வலிக்கும், ஒரு வாய் சாப்பிட்டால் அடங்கும், நடுராத்திரியில் எழுப்பும். பசி எப்போதும் இருக்கிற இடத்தில் பசிவலியை யார் நோயென்று எண்ணுவார்? 1973, 74இல் தீவெங்கும் அரிசியும் மாவும் தட்டுப்பாடானபோது தோட்டங்கள்தான் கடுமையாக அடிபட்டன. 1974இல் அங்கே மரண வீதம் திடீரென ஏறியது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் யார் இந்தியாவுக்கு, யார் இங்கே என்று எண்ணப்பட்டுக்கொண்டிருந்த மக்கள் அவர்கள். அவர்களுடைய வயிற்றுவலி பசியா புண்ணா என்று பிரித்துப் பார்க்க அப்போது ஆள் இல்லை.

அதே ஆண்டுகளில் கொழும்பில் மருந்துகளைப் பற்றிய ஒரு பெரிய சண்டை நடந்தது. அதன் நடுவில் நின்றவர் ஊவாவின் பிபிலை ஊர்ப்பெயரைத் தன் பெயரிலேயே சுமந்தவர்: பேராசிரியர் சேனக பிபிலே. மருந்தியல் பேராசிரியர், பேராதனை மருத்துவ பீடத்தின் முதல் பீடாதிபதி. 1971இல் எஸ். ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து அவர் கொடுத்த அறிக்கையின் பேரில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. ஒரே மருந்து பத்துக் கம்பெனிப் பெயர்களில் பத்து விலைக்கு வருவானேன் என்பது அவர் கேட்ட கேள்வி. மருந்தின் சொந்தப் பெயரைச் சொல்லி உலகச் சந்தையில் கேள்விப்பத்திரம் கோருங்கள், மலிவாகவும் தரமாகவும் கொடுப்பவரிடம் வாங்குங்கள் என்றார். நாட்டில் புழங்கிய சுமார் 2,100 மருந்துப் பெயர்கள் சுமார் 600ஆகச் சுருங்கின. பெரிய கம்பெனிகள் எதிர்த்தன. அரசியல் அழுத்தம் வந்தது. பிபிலே 1977இல் கயானாவில் இறந்தார். இன்று பதுளை ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுக்கும் கடதாசி உறையில் கம்பெனிப் பெயருக்குப் பதில் மருந்தின் பெயர் எழுதியிருப்பதில் அவருடைய கையும் இருக்கிறது.

பிபிலே இறப்பதற்கு முந்தைய நவம்பரில் பிரிட்டனில் ஒரு புதுக் குளிசை விற்பனைக்கு வந்திருந்தது. ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக் 1964இல் தொடங்கிய தேடலின் பயன் அது. அமிலம் சுரந்த பிறகு அதை முறிப்பதற்குப் பதிலாகச் சுரக்கச் சொல்லும் கட்டளையையே மறித்தால் என்ன? ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் போய்த் தட்டும் கதவை அடைக்கும் மருந்தைத் தேடிப் பன்னிரண்டு ஆண்டு அலைந்து கண்டுபிடித்தது சிமெட்டிடின். 1981இல் ரனிடிடின் வந்தது. 1988இல் பிளாக்குக்கு நோபல் பரிசு. அதே ஆண்டு சுவீடனிலிருந்து ஒமெப்ரசோல் வந்தது. அது கதவை விட்டுவிட்டு, அமிலத்தை வெளியே தள்ளும் பம்பையே நிறுத்தியது. வயிற்றுக்குப் போகும் நரம்பை வெட்டும் அறுவையும் இரைப்பையின் பாதியைக் கழிக்கும் அறுவையும் ஆஸ்பத்திரிகளில் மளமளவென்று குறைந்தன. சோமர்வெல் நெய்யூரில் பகலெல்லாம் நின்று செய்த வேலையை ஒரு குளிசை எடுத்துக்கொண்டது.

ஊவாவுக்கு இது உடனே வரவில்லை. 1972க்கும் 75க்கும் இடையே தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பெனிகளுக்குப் போனது. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரச சுகாதார சேவையோடு சேர்க்கும் வேலை 1990களில் தொடங்கி இழுத்துக்கொண்டே போனது. டிஸ்பென்சரியில் அப்போதும் வெள்ளைப் போத்தல்தான். ஆனால் சிமெட்டிடினும் ரனிடிடினும் இந்தியத் தொழிற்சாலைகளில் மலிவாகத் தயாராகி வந்தபோது பதுளை பஸார் வீதிப் பார்மசிகளில் அவை கைக்கெட்டும் விலைக்கு வந்தன. இந்தியாவின் 1970 காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராமல், செய்முறைக்கு மட்டும் தந்ததால் கிடைத்த மலிவு அது. கடைசியில் ஒமெப்ரசோலும் அதே வழியில் வந்து சேர்ந்தது. நெஞ்செரிவு என்ற சொல்லின் இடத்தை ‘கேஸ்ட்ரைட்டிஸ்’ பிடித்துக்கொண்டது. ஏப்பம் வந்தாலும் கேஸ்ட்ரைட்டிஸ், நெஞ்சு அடைத்தாலும் கேஸ்ட்ரைட்டிஸ்.

அமிலத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய வழக்கு இதற்குள் தலைகீழாகிவிட்டிருந்தது. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் 1979இல் ரொபின் வாரன் இரைப்பைத் துணுக்குகளில் சுருள் வடிவக் கிருமியைக் கண்டார். இளம் வைத்தியர் பெரி மார்ஷல் அவரோடு சேர்ந்து அதை வளர்க்கப் பார்த்தார். இரண்டு நாளில் ஒன்றும் முளைக்கவில்லையென்று தட்டுகளைக் கழுவிவிடுவது ஆய்வுகூட வழக்கம். 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் கழுவப்படாமல் நாள் கணக்கில் கிடந்தன, கிருமி வளர்ந்திருந்தது. யாரும் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் கிருமிக் குழம்பைத் தானே குடித்தார். சில நாளில் வாந்தி. உள்நோக்கிக் குழாய் விட்டுப் பார்த்தபோது இரைப்பைச் சுவர் அழன்றிருந்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பெயர் பெற்ற அந்தக் கிருமிக்காக 2005இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. அமிலம் தடுக்கும் ஒரு மருந்தும் இரண்டு நுண்ணுயிர்க்கொல்லிகளும் இரண்டு கிழமை வரை எடுத்தால் வாழ்நாள் நோய் பெரும்பாலோருக்கு முடிந்துவிடும். இன்னொரு வேடிக்கை: பழைய டிஸ்பென்சரி ஜாடிகளில் வெள்ளை மருந்துக்குப் பக்கத்திலேயே இருந்த பிஸ்மத் பொடி இந்தக் கிருமியைக் கொல்லும். ஏன் சிலருக்குக் குணமாகிறது என்று தெரியாமலேயே வைத்தியர்கள் இருநூறு ஆண்டு அதைக் கொடுத்துவந்தார்கள்.

கிருமி ஒரு காரணம். தோட்டத்துக்கு நெருக்கமான இன்னொரு காரணம் வலிக்குளிசை. தலையில் கயிறு மாட்டி முதுகில் கூடை தொங்கவிட்டுப் பறித்த பெண்களின் கழுத்தும், கவ்வாத்துக் கத்தி வீசிய ஆண்களின் தோளும், சரிவில் ஏறியிறங்கிய எல்லோர் முழங்காலும் வலிக்கின்றன. ஒரு நாள் கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போகும். கொழுந்து குறித்த நிறை பிடிக்காவிட்டால் அரைப்பேர். அதனால் டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ இரண்டு குளிசை கடையில் வாங்கி, வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு மலைக்குப் போகிறவர்கள் உண்டு. இக்குளிசைகள் வலியை எப்படிக் குறைக்கின்றன என்பதை 1971இல் ஜோன் வேன் கண்டுபிடித்தார். புரஸ்டகிளாண்டின் என்ற பொருளை உடம்பில் உருவாகவிடாமல் தடுக்கின்றன. இரைப்பைச் சுவரின் மேல் பூச்சாக இருந்து அமிலத்திடமிருந்து காப்பதும் அதே புரஸ்டகிளாண்டினின் தயவில்தான். தோளைக் காக்கப் போட்ட குளிசை வயிற்றின் காவலை எடுத்துவிடுகிறது. பிறகு எரிகிறது; எரிவுக்கு இன்னொரு குளிசை. வெள்ளை மருந்தைப் போல இதுவும் சுற்றிச் சுற்றி வருகிறது, எரிவு அடங்கியிருப்பதால் புண் ஆழமாவது தெரியாமல்.

பம்பை நிறுத்தும் குளிசைகள் பாதுகாப்பானவை, சரியாக எடுத்தால். காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு விழுங்க வேண்டும். அமிலப் பம்புகள் சாப்பாட்டோடுதான் விழித்தெழும், விழித்த பம்பைத்தான் மருந்தால் நிறுத்த முடியும். எரியும்போது மட்டும் ஒன்று போட்டால் வெள்ளை மருந்தைப் போல் உடனே கேட்காது. உள்ளிருக்கும் மணிகள் அமிலத்தில் கரையாதபடி பூசப்பட்டவை. நசுக்கவோ மெல்லவோ கூடாது. அமில மேலெழுச்சிக்கும் புண்ணுக்கும் சாதாரணமாக நான்கு முதல் எட்டுக் கிழமை போதும். மாதக் கணக்கில், வருடக் கணக்கில் தானாகவே வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தால் மக்னீசியமும் விற்றமின் பி12உம் குறையலாம், எலும்பு பலவீனப்படலாம், குடல் தொற்றுக்கு இடமாகலாம். நெடுநாள் எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் அடைத்து வைத்த அமிலம் முன்னைவிட வேகமாகச் சுரந்து சில கிழமை பாடாய்ப்படுத்தும். அதனால் படிப்படியாகக் குறைப்பார்கள். ஆனால் இரத்தம் கசிந்த புண் இருந்தவரும் இதயத்துக்கு அஸ்பிரின் எடுப்பவரும் வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. இரத்தம் உறையாமல் இருக்கக் குளொபிடோகிரெல் எடுப்பவர் அதை முதலிலேயே சொல்ல வேண்டும்; ஒமெப்ரசோல் அதன் வேலையைக் கெடுக்கும்.

தோட்டத்துப் பெண்களுக்கு இதில் தனி ஒரு கணக்கு இருக்கிறது. இரத்தச்சோகைக்கு மிட்வைஃப் அம்மா கொடுக்கும் இரும்புச்சத்துக் குளிசை உடம்பில் சேர அமிலம் வேண்டும். வெள்ளை மருந்தையோ சுண்ணாம்புக் குளிசையையோ அதே நேரத்தில் குடித்தால் இரும்பு சேராது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சில நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கும் அதே கதைதான். இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கினாலும் பயன் குறையும். கொழுந்தின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும். தான் பறித்த இலையே தன் இரத்தத்துக்குக் குறுக்கே நிற்கிறது. இன்னொன்று: இரும்புக் குளிசையால் மலம் கறுக்கும். இரைப்பையில் இரத்தம் கசிந்தாலும் கறுக்கும். பின்னது தார் போல ஒட்டும், மிக மோசமாக நாறும், கூடவே தலைசுற்றும். கறுப்பு இரும்பினாலா இரத்தத்தாலா என்று லயத்தில் இருந்துகொண்டு முடிவெடுக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போவது நல்லது. கோப்பித்தூள் போல வாந்தி, விழுங்கும்போது அடைப்பு, காரணமில்லாமல் மெலிவு, கத்தியால் குத்தியது போன்ற திடீர் வலி ஆகியவற்றுக்கும் வீட்டு மருந்து கிடையாது. நெஞ்சு அழுத்தி, வியர்த்து, கையிலோ தாடையிலோ வலி பரவினால் அது கேஸ்ட்ரைட்டிஸ் அல்ல, மாரடைப்பாக இருக்கலாம். ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டு விடியும் வரை காத்திருக்கும் நேரத்தில் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும்.

அமிலம் மேலே வருவது வேறு கதை. அது புண்ணைவிடப் படுக்கையோடு அதிகம் சம்பந்தப்பட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் பாய் விரிந்துவிடும், வேறு இடமில்லை. நிறைந்த வயிறோடு தட்டையாகப் படுத்தால் உணவுக்குழாயின் அடிவாய் இளகி அமிலம் ஏறும். கட்டில் இருந்தால் தலைமாட்டுக் காலுக்குக் கீழே செங்கல் வைக்கலாம். பாய்க்கு, மடித்த சாக்கோ பலகையோ வைத்து முதுகோடு சேர்த்துச் சரிவாக உயர்த்தலாம். தலையணையை மட்டும் அடுக்கினால் கழுத்து மடங்கும், பலன் இல்லை. இடப்பக்கம் சரிந்து படுப்பதும், படுக்கைக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிடுவதும், புகையிலையையும் சாராயத்தையும் விடுவதும் குளிசைக்கு முந்தைய வைத்தியம். சோடாமாவு கலந்த தண்ணீர் உடனே ஏப்பம் விடவைக்கும். இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவருக்கு அதிலிருக்கும் உப்பு ஆகாது. சிறுநீரகம் பழுதானவருக்கு வெள்ளை மருந்தின் மக்னீசியமும் ஆகாது.

மருந்தே எப்போதும் மாறாத நண்பன் அல்ல என்பதற்கு ரனிடிடின் சாட்சி. ஏறக்குறைய நாற்பது ஆண்டு உலகமெங்கும் கோடிக்கணக்கானோர் விழுங்கிய அந்தக் குளிசையில், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய என்டிஎம்ஏ என்ற மாசு இருப்பது 2019 செப்டம்பரில் வெளிவந்தது. 2020 ஏப்ரலில் அமெரிக்கா எல்லா ரனிடிடினையும் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. குளிசையை வெயிலிலும் சூட்டிலும் வைத்தால் மாசு கூடுகிறது என்றும் தெரிந்தது. வீட்டுப் பெட்டியில் பழைய அட்டை மிச்சமிருந்தால் அது அங்கே இருக்க வேண்டியதில்லை.

இப்போது போத்தல் கொண்டுபோக வேண்டியதில்லை. சின்னக் கடதாசி உறையில் குளிசையைப் போட்டு, மேலே பேனாவால் காலை ஒன்று, சாப்பாட்டுக்கு முன் என்று எழுதித் தருகிறார்கள். பல் வெட்டிய கீற்றைப் போலவே இந்த உறையும் ஒரு வேளைக்கு எவ்வளவு என்று சொல்கிறது. எதுவரை என்று சொல்வதில்லை. ஜன்னலில் பின்னால் வரிசை நெருக்க, உறையை முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பும் முன் ஒருத்தி குனிந்து கேட்கிறாள்: “எத்தன கெழமைக்குங்க ஐயா?” உள்ளே இருப்பவர் மருந்துத் துண்டை வாங்கி மறுபடி ஒருமுறை பார்க்கிறார். பிறகு அவர் கேட்கிறார்: “கைகால் வலிக்கு வேற ஏதும் குளிச போடுறீங்களா?”